கடைசி நேரத்துல மெட்ராஸ் போகணுமா? ராம்நாடு (ராமநாதபுரம்), ராமேஸ்வரம் பக்கத்து ஆளுங்க ட்ரெயின்ல சீட்டு பிடிக்க முழு வழிகாட்டி

நம்ம பக்கம் அவசரமா டிக்கெட் வேணும்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது தட்கால், அதாவது முந்தின நாள் திறக்குற அவசர டிக்கெட், ஒண்ணுதான். காலைல 11 மணிக்கு போனைக் கையில வச்சுக்கிட்டு முட்டிப் பாக்குறது, 11.02க்கு வெயிட்டிங் லிஸ்ட் காட்டுனா "போச்சு"ன்னு ஆம்னி பஸ்ஸுக்கு ஆயிரத்து சொச்சம் கொடுக்கப் போயிடறது. ஆனா தட்கால் முடிஞ்ச பிறகும், மறுநாள் வண்டி கிளம்ப அரை மணி நேரம் இருக்கிற வரைக்கும் சீட்டு விழுந்துக்கிட்டேதான் இருக்கும், அதை எங்க எப்ப தேடணும்னு தெரிஞ்சவன் கமுக்கமா எடுத்துட்டுப் போயிடுவான். என்னைக் கேட்டா நம்ம லைன்ல தட்காலை விட சார்ட் (யாருக்கு எந்த சீட்டுன்னு ரயில்வே போடுற லிஸ்ட்) போட்டதுக்கு அப்புறம் தேடுறதும், ஸ்டேஷனை மாத்தி மாத்தித் தேடுறதும்தான் அதிகமா கை கொடுக்கும். அதைத்தான் இங்க விலாவாரியா எழுதுறேன்.

முதல்ல நம்ம வண்டி எதுன்னு தெரிஞ்சுக்கோங்க

ராமேஸ்வரத்துல இருந்து மெட்ராஸுக்கு தினசரி வண்டின்னா மூணு. போட் மெயில் கும்பகோணம், மாயவரம் வழியா சுத்திப் போகும். சேது சூப்பர்பாஸ்ட் திருச்சியில இருந்து நேரா விழுப்புரம் போயிடும், அதனால எல்லாரும் முதல்ல இதைத்தான் மொய்ப்பாங்க. மூணாவது பாம்பன் எக்ஸ்பிரஸ், 16103, 16104னு நம்பர், 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புது பாம்பன் பாலம் திறந்த அன்னைக்கே விட்டாங்க. இது காரைக்குடி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி, திருவாரூர்னு டெல்டா பக்கமா போய் விடியறதுக்கு முன்னாடியே தாம்பரத்துல இறக்கி விட்டுரும். அந்த நேரத்துல இறங்கி என்ன பண்றதுன்னு நிறைய பேர் இதைத் தொடவே மாட்டாங்க, அதனாலதான் மத்த ரெண்டுலயும் இல்லாதப்ப முதல்ல இதைப் பாருங்கன்னு சொல்றேன். இந்த மூணு போக திருப்பதி, கோயம்புத்தூர், கன்னியாகுமரி, புவனேஸ்வர், பனாரஸ்னு வாரத்துல சில நாள் ஓடுற வண்டிங்களும் இருக்கு. போற நாளைக்கு எது ஓடுதுன்னு பாருங்க.

வண்டி மெட்ராஸ்ல எங்க முடியுது, எழும்பூரா தாம்பரமாங்கிறதையும் டிக்கெட்ல ஒரு தடவை பாத்துக்கோங்க, இப்பல்லாம் ஸ்டேஷன் வேலை நடக்குதுன்னு மாத்தி மாத்தி விடுறாங்க.

கிழமையும் முக்கியம். வெள்ளிக்கிழமை ராத்திரி மெட்ராஸ்ல இருந்து இங்க வர்றதும், ஞாயித்துக்கிழமை ராத்திரி இங்க இருந்து போறதும் எப்பவுமே கஷ்டம். ஆனா அதே ஞாயித்துக்கிழமை எதிர்ப்பக்கம் வர்ற வண்டியில இடம் கிடைக்க வாய்ப்பு ஜாஸ்தி. இது போக நமக்குன்னு ஒரு காலண்டர் இருக்கு, அமாவாசை. ஆடி, தை, மகாளய அமாவாசைன்னா அக்னி தீர்த்தத்துல குளிச்சுட்டு அன்னைக்கு சாயங்காலமே மொத்தக் கூட்டமும் ராமேஸ்வரம் ஸ்டேஷனுக்குத்தான் வரும். முடிஞ்சா உங்க பயணத்தை ஒரு நாள் முன்ன பின்ன தள்ளுங்க. பொங்கல், தீபாவளி, பெருநாள் முடிஞ்சு திரும்புற நாளுக்கும் இதே கதைதான்.

ராம்நாட்டுல ஏறினாலும் ராமேஸ்வரத்துல இருந்து தேடுங்க

இதை நிறைய பேர் பண்றதே இல்ல. ஒரு வண்டியில இருக்கிற சீட்டை ரயில்வே கோட்டா கோட்டாவா பிரிச்சு வச்சிருக்கும். வண்டி கிளம்புற ஊர்ல இருந்து கடைசி ஊர் வரைக்கும் எடுக்கிறவங்களுக்குத்தான் பெரிய பங்கு, அதுதான் ஜெனரல் கோட்டா. நடுவுல ஏறுறவங்களுக்கு பூல்டு கோட்டா, ரிமோட் லொகேஷன்னு சின்னச் சின்ன பங்கு. அதனால பரமக்குடி டு சென்னை தேடினா வெயிட்டிங் லிஸ்ட் காட்டும், அதே வண்டியை ராமேஸ்வரம் டு சென்னைன்னு தேடினா சீட்டு இருக்கும்.

அப்படி இருந்தா ராமேஸ்வரத்துல இருந்தே டிக்கெட் போட்டுட்டு, புக் பண்ற பக்கத்துல போர்டிங் ஸ்டேஷன்னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, அதுல ராமநாதபுரம்னோ பரமக்குடின்னோ மாத்திடுங்க. ராமேஸ்வரத்துக்கும் ராம்நாட்டுக்கும் சுமார் 55 கிலோமீட்டர்தான், அந்தத் தூரத்துக்கு கூடுதலா கொஞ்சம் காசு, அவ்வளவுதான். சீட்டு கிடைக்கிறதுக்கு இது ஒரு பொருட்டே இல்ல. புக் பண்ணும்போது மறந்துட்டாலும் சார்ட் போடுறதுக்கு முன்னாடி ஐஆர்சிடிசி (ரயில் டிக்கெட் எடுக்குற) ஆப்லயே மாத்திக்கலாம். ஆனா மாத்தின பிறகு மனசு மாறி பழைய ஸ்டேஷன்லயே ஏறக்கூடாது. மாத்தாம விட்டுட்டு ராம்நாட்டுல ஏறலாம்னும் நினைக்காதீங்க, ஆள் வரலைன்னு டிடிஆர் (டிக்கெட் பரிசோதகர்) சீட்டை அடுத்தவங்களுக்குக் கொடுத்துட்டா சண்டை போட முடியாது.

2022 டிசம்பர்ல பழைய பாலத்துல வண்டி போறதை நிறுத்தினதுல இருந்து புதுப் பாலம் திறக்குற வரைக்கும் வண்டியெல்லாம் ராம்நாடு, மண்டபத்தோட நின்னு திரும்பிச்சு. அந்த ரெண்டு வருஷத்துப் பழக்கத்துல "ராம்நாடுதான் ஸ்டார்டிங்"னு இன்னும் சொல்றவங்க இருக்காங்க. இப்ப அப்படி இல்ல.

தட்காலுக்கு முந்தின நாளே ரெடி ஆகணும்

2025 ஜூலை 1ல இருந்து ஆன்லைன் தட்கால் வேணும்னா ஐஆர்சிடிசி ஐடியில ஆதார் வெரிஃபை ஆகியிருக்கணும். ஆப்ல உங்க அக்கவுன்ட் பக்கத்துக்குப் போனா ஆத்தென்டிகேட்னு இருக்கும், ஆதார் நம்பர் போட்டு ஓடிபி கொடுத்தா முடிஞ்சது. இதை காலைல 10.50க்கு ஆரம்பிக்காதீங்க, ஆதார்ல இருக்கிற போன் நம்பர் பழைய நம்பரா இருந்தா அங்கேயே மாட்டிக்குவீங்க. ஜூலை 15ல இருந்து புக் பண்ற நேரத்துலயும் ஆதார் ஓடிபி வரும், அதனால அந்த சிம் இருக்கிற போன் உங்க பக்கத்துலயே இருக்கணும். வாப்பா (அப்பா) நம்பர் துபாய்ல, புக் பண்றது கீழக்கரையிலன்னா வேலைக்கு ஆகாது.

அடுத்து மாஸ்டர் லிஸ்ட். யார் போறாங்களோ அவங்க பேரு, வயசு எல்லாம் முன்கூட்டியே சேவ் பண்ணி வச்சிருந்தா அந்த நேரத்துல டிக் அடிச்சா போதும். தட்கால்ல ஒரு டிக்கெட்டுக்கு 4 பேர்தான், குடும்பமா 6 பேர் போறீங்கன்னா ரெண்டா பிரிச்சு ரெண்டு ஐடியில ரெண்டு பேர் உக்காரணும். காசு கட்ட ஐஆர்சிடிசி வாலெட்ல பணம் போட்டு வைக்கிறதுதான் இருக்கிறதுலயே வேகம். அதுக்கு அடுத்தது யுபிஐ. கார்டு நம்பரை எடுத்து டைப் பண்ணிக்கிட்டு இருந்தீங்கன்னா சீட்டு பறந்துடும்.

எந்தத் தேதிக்குன்னும் ஒரு குழப்பம் வரும். தட்கால் திறக்குறது வண்டி முதல் ஸ்டேஷன்ல கிளம்புற நாளுக்கு முந்தின நாள். நம்ம வண்டி ராமேஸ்வரத்துலயே கிளம்புறதால போகும்போது பிரச்சனை இல்ல. ஆனா புவனேஸ்வர்ல இருந்து வர்ற வண்டியில மெட்ராஸ்ல ஏறி ராம்நாடு வர்றீங்கன்னு வைங்க, அது ஒரு நாள் முன்னாடியே அங்க கிளம்பிடும், அப்ப நீங்க ஏறுற நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடியே தட்கால் திறந்து முடிஞ்சிருக்கும்.

அந்த ரெண்டு நிமிஷம்

ஏசி வகுப்புக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கும் செகண்ட் சிட்டிங்குக்கும் 11 மணி. ரொம்ப முன்னாடியே லாகின் பண்ணிட்டு சும்மா வச்சிருந்தா வெளிய தள்ளி விட்டுரும், அதனால நாலஞ்சு நிமிஷம் முன்னாடி உள்ள போங்க. ஸ்டேஷன், தேதி போட்டு, கோட்டாவுல தட்கால்னு மாத்தி வண்டி லிஸ்டைத் திறந்து வச்சுக்கோங்க. போன் கடிகாரம் சரியா பத்தோ பதினொண்ணோ காட்டின உடனே அந்த வகுப்பைத் தட்டி ரிஃப்ரெஷ் பண்ணுங்க, பச்சை கலர்ல நம்பர் வரும், புக் நவ்.

இந்த இடத்துல ஆசைப்படக் கூடாது. லோயர் பெர்த் வேணும், ஒரே கோச்சுல வேணும்னு ஏதாவது ஒரு கண்டிஷனை டிக் பண்ணினா அந்தக் கண்டிஷன் நிறைவேறலைன்னா டிக்கெட்டே விழாது. பெர்த் விருப்பத்தைச் சும்மா விடுங்க. ஆனா "கன்பார்ம் பெர்த் கிடைச்சா மட்டும் புக் பண்ணு"ங்கிறதை டிக் பண்ணுங்க, இல்லைன்னா தட்கால் வெயிட்டிங் லிஸ்ட்ல மாட்டிக்கிட்டு பணம் திரும்பி வர்ற வரைக்கும் காத்துக் கிடக்கணும். கேப்ட்சாவை நிதானமா போடுங்க, ஒரு எழுத்து தப்பா போனா அதுக்குள்ள இருபது பேர் முந்திடுவான். பணம் எடுத்துட்டு டிக்கெட் வரலைன்னா பதறி உடனே இன்னொரு தடவை கட்டாதீங்க, முதல்ல மை புக்கிங்ஸ்ல போய்ப் பாருங்க. டிக்கெட் விழலைன்னா பணம் தானா திரும்பிடும்.

முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுங்களுக்கு தட்கால் கிடையாது, 10.30, 11.30க்கு அப்புறம்தான் அவங்க உள்ள வரலாம். அதனால "கேரண்டியா எடுத்துத் தர்றேன்"னு எவனாவது கூட முந்நூறு நானூறு கேட்டா, அவன் யாரோ ஒருத்தர் சொந்த ஐடியில எடுத்துத் தர்றான்னு அர்த்தம். ரயில்வே சட்டம் 143ஆம் பிரிவுல அது குற்றம், டிக்கெட்டும் போய் காசும் போயிடும்.

சாதா டிக்கெட் விலைக்கு மேல தட்காலுக்கு எவ்வளவு ஆகும்னா, ஸ்லீப்பருக்கு 100ல இருந்து 200 ரூபாய், தேர்ட் ஏசிக்கு 300ல இருந்து 400, செகண்ட் ஏசிக்கு 400ல இருந்து 500 வரைக்கும். கன்பார்ம் ஆன தட்காலை கேன்சல் பண்ணா பைசா வராது. பிரீமியம் தட்கால்னு இன்னொண்ணு சில வண்டியில இருக்கும், அதுல சீட்டு குறைய குறைய விலை ஏறிக்கிட்டே போகும். ஏர்போர்ட், ஆஸ்பத்திரின்னு தவிர்க்கவே முடியாத பயணத்துக்கு மட்டும் அதைத் தொடுங்க.

சிக்னல் சரியில்லாத ஊர்க்காரங்க, சாயல்குடி பக்கம், பெரியபட்டினம் பக்கம் எல்லாம், ரிசர்வேஷன் கவுண்டருக்கே போயிடுங்க. ராம்நாடு மாதிரி பெரிய ஸ்டேஷனை விட சின்ன ஸ்டேஷன் கவுண்டர்ல வரிசை சின்னதா இருக்கும். முதல் ரெண்டு மூணு ஆளுக்குள்ள நின்னாதான் பிரயோஜனம், ஏன்னா அங்கேயும் அதே கம்ப்யூட்டர், அதே சீட்டுதான். ஃபாரத்தை முந்தியே நிரப்பி வச்சுக்கோங்க, போனையும் கொண்டு போங்க, ஓடிபி கேப்பாங்க.

வெயிட்டிங் லிஸ்ட் எல்லாம் ஒண்ணு இல்ல

டிக்கெட்ல ஜிஎன்டபிள்யூஎல்னு இருந்தா ஜெனரல் கோட்டா, இதுதான் வேகமா நகரும். பிக்யூ (பூல்டு கோட்டா), ஆர்எல் (ரிமோட் லொகேஷன்)னு ஆரம்பிச்சா மெதுவா நகரும். டிக்யூன்னா தட்கால் வெயிட்டிங், அதை மறந்துடுங்க. ஆப்ல வர்ற "78 சதவீதம் வாய்ப்பு" மாதிரி கணக்கை நம்பி வீட்ல சொல்லிடாதீங்க.

ஜெனரல்ல சின்ன நம்பர் வெயிட்டிங் இருந்தா தட்கால் நாள் அன்னைக்கு மத்தியானம் ஒரு தடவை பிஎன்ஆர் (டிக்கெட்ல இருக்கிற நம்பர்) போட்டு நிலவரம் பாருங்க. உங்களுக்கு முன்னாடி வெயிட்டிங்ல இருக்கிறவங்களும் தட்கால் முயற்சி பண்ணியிருப்பாங்க, அதுல கிடைச்சவங்க பழைய டிக்கெட்டை கேன்சல் பண்ணுவாங்க, லிஸ்ட் சடசடன்னு இறங்கும். ஆர்ஏசி வந்துட்டா கவலையே வேணாம், வண்டியில ஏறலாம், சைடு லோயர்ல ரெண்டு பேர் உக்காந்து போகணும், வராதவங்க பெர்த் காலியானா டிடிஆர் கையில இருக்கிற மிஷின்ல உங்களுக்கு மாத்திக் கொடுப்பார்.

ஆன்லைன் டிக்கெட் சார்ட்ல வெயிட்டிங்லயே நின்னா தானா கேன்சல் ஆகி பணம் வந்துரும். கவுண்டர் டிக்கெட் அப்படி இல்ல, நீங்களாதான் வண்டி கிளம்ப 30 நிமிஷம் முன்னாடி வரைக்கும் கேன்சல் பண்ணணும். அதை வச்சுக்கிட்டு ஸ்லீப்பர்ல ஏறினா இறக்கி விட்டுருவாங்க, ஃபைனும் உண்டு.

சார்ட் போட்டதுக்கு அப்புறம்தான் ஆட்டமே

முன்னாடி வண்டி கிளம்ப 4 மணி நேரம் இருக்கும்போதுதான் சார்ட் போடுவாங்க. 2025ல அதை 8 மணி நேரம், அதுக்கும் முன்னாடின்னு தள்ளிட்டாங்க. இது நமக்கு ரொம்ப நல்லது. நம்ம மெட்ராஸ் வண்டியெல்லாம் சாயங்காலம், ராத்திரி கிளம்புறது, அதனால அன்னைக்கு காலையிலயோ மத்தியானத்துக்குள்ளயோ முதல் சார்ட் வந்துரும். யாருக்கும் போகாத சீட்டு, நிரம்பாத கோட்டா சீட்டு எல்லாம் அப்ப வெளிய வரும். அதுக்குப் பேருதான் கரண்ட் புக்கிங். தட்கால் சார்ஜ் இல்ல, சாதா டிக்கெட் விலைதான்.

எப்படித் தேடுறதுன்னா, போற நாள் அன்னைக்கு ஐஆர்சிடிசியில வழக்கம்போல வண்டியைத் தேடுங்க. சார்ட் போட்டாச்சுன்னா வகுப்புக்குக் கீழ கரண்ட் அவைலபிள்னு நம்பர் வரும். உடனே எடுத்துடுங்க, யோசிச்சா போயிடும். இல்லைன்னா சார்ட்ஸ் வேகன்சிங்கிற பக்கத்தைத் திறந்து வண்டி நம்பர், தேதி, போர்டிங் ஸ்டேஷன் போடுங்க. கோச் கோச்சா எந்த பெர்த் எந்த ஊர்ல இருந்து எந்த ஊர் வரைக்கும் காலின்னு காட்டும். அதுல எஸ்4, 23ஆம் நம்பர் பெர்த், ராமேஸ்வரம் டு திருச்சி காலின்னு இருக்குன்னு வைங்க. திருச்சியில அதுக்கு யாரோ ஏறுறாங்கன்னு அர்த்தம். இதே மாதிரி இன்னொரு கோச்சுல திருச்சி டு எழும்பூர் காலி இருந்தா, ரெண்டு டிக்கெட்டா எடுத்து நடுவுல பெட்டி மாறிக்கலாம். ராத்திரி ஒரு தடவை எந்திரிக்கணும், காசும் கொஞ்சம் கூட ஆகும், ஆனா பெருநாள் கூட்டத்துல ரெண்டு பெர்த்தும் கன்பார்ம்.

கரண்ட் புக்கிங் ரெண்டாவது சார்ட் போடுற வரைக்கும், அதாவது வண்டி கிளம்ப அரை மணி நேரம் முன்னாடி வரைக்கும் ஓடும். அந்த அரை மணி நேரம் ராமேஸ்வரத்துல கிளம்புற நேரத்துல இருந்து கணக்கு. பரமக்குடிக்காரங்க "நமக்கு வண்டி இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சுதானே"ன்னு டீ குடிச்சுக்கிட்டு இருந்தா கதவு சாத்திடும். முதல் சார்ட் வந்த உடனே ஒரு தடவை, கடைசி ஒரு மணி நேரத்துல அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு பாருங்க. கேன்சல் பண்றவன் கடைசியிலதான் பண்ணுவான்.

நேர் வண்டி இல்லைன்னா சுத்திப் போங்க

சேதுவும் போட் மெயிலும் மானாமதுரையில இருந்து சிவகங்கை, காரைக்குடி, புதுக்கோட்டை, திருச்சின்னு போறதால மதுரையைத் தொடாது. அதனால நம்ம ஆளுங்க மதுரையை மறந்துடறாங்க. மதுரைக்கு பாசஞ்சர்லயோ பஸ்லயோ போயிட்டா பாண்டியன், முத்துநகர், நெல்லை, அனந்தபுரி, பொதிகை, கன்னியாகுமரின்னு ராத்திரி வரிசையா வண்டி. பாண்டியன் மதுரையிலயே கிளம்புறதால முதல்ல அதைப் பாருங்க. பகல்லனா காலைல வைகை, உக்காந்து போற வண்டியில கடைசி நேரத்துல இடம் கிடைக்கிறது பெர்த்தை விட சுலபம். காசு பரவாயில்லைன்னா தேஜஸ், வந்தே பாரத். நாகர்கோவில் வந்தே பாரத், மதுரை பெங்களூரு வந்தே பாரத் மாதிரி சில வண்டிக்கு, வழியில இருக்கிற ஸ்டேஷன்ல வண்டி வர்ற 15 நிமிஷம் முன்னாடி வரைக்கும் சீட்டு எடுக்கலாம்னு தெற்கு ரயில்வே 2025 ஜூலையில கொண்டு வந்துச்சு, இது மதுரையில ஏறுறவங்களுக்கு நல்ல வசதி.

தொண்டி, திருவாடானை பக்கம் இருக்கிறவங்க ராம்நாட்டுக்கு வராம காரைக்குடிக்குப் போறதுதான் புத்திசாலித்தனம். பல்லவன் அங்கேயே விடிகாலையில கிளம்புது, செகண்ட் சிட்டிங் சல்லிசு. மானாமதுரையில சிலம்பு எக்ஸ்பிரஸும் நிக்கும், ஆனா தினமும் இல்ல. எதுவுமே இல்லைன்னா திருச்சி, அங்க ராத்திரி மலைக்கோட்டை.

போன ரம்ஜான் சமயத்துல தெரிஞ்ச பையன் ஒருத்தன் கேட்டான், "காக்கா (அண்ணே), நாளைக்கு நைட்டு ஏறியாகணும், மறுநாள் மெட்ராஸ்ல பிளைட்டு, சேதுல 90 வெயிட்டிங் காட்டுது"ன்னு. பிளைட் இருக்கிறவங்களுக்கு எப்பவும் சொல்றதைத்தான் அவனுக்கும் சொன்னேன். கடைசி நேர கரண்ட் புக்கிங்கை மட்டும் நம்பி நிக்காத, மதுரை வண்டியில தட்கால் போடு, அது கிடைச்சா சேது பக்கமே திரும்பாத, கிடைக்கலைன்னா பஸ் டிக்கெட் ஒண்ணு கையில வச்சுக்கிட்டு சார்ட் பாரு.

மிச்ச மீதி

45 வயசுக்கு மேல பொம்பளைங்க, 60க்கு மேல ஆம்பளைங்க தனியாவோ ரெண்டு பேராவோ போனா லோயர் பெர்த் கோட்டாவுல தேடுங்க. தனியா போற பொண்ணுங்களுக்கு லேடீஸ் கோட்டா இருக்கு. ஜெனரல்ல வெயிட்டிங் காட்டுற அன்னைக்கும் இதுல சில நேரம் இருக்கும், ஆனா யாரும் அந்த மெனுவைத் திறந்தே பாக்கறதில்ல. எமர்ஜென்சி கோட்டாவுக்கு எம்பி ஆபீஸ் லெட்டர், டிவிஷன் ஆபீஸ்னு அலையணும், லெட்டர் முந்தின நாளே போய்ச் சேரணும், கையில வெயிட்டிங் டிக்கெட்டும் இருக்கணும். ஆபரேஷன், சாவு மாதிரி காரியத்துக்கு முயற்சி பண்ணலாம்.

வெயிட்டிங் டிக்கெட் எடுக்கும்போது விகல்ப்னு ஒரு ஆப்ஷன் கேக்கும், அதுல 7 வண்டி வரைக்கும் கொடுத்து வச்சா வேற வண்டியில இடம் இருந்தா மாத்திக் கொடுப்பாங்க. வண்டி அதிகமா ஓடுற ரூட்டுக்கு சரி, நம்ம லைனுக்கு பெருசா எதிர்பாக்காதீங்க.

எதுவுமே அமையலைன்னா அன்ரிசர்வ்டு டிக்கெட் எடுத்து ஜெனரல் பெட்டியில ஏறிட்டு, மானாமதுரையில இறங்கி டிடிஆர்கிட்ட கேளுங்க. ஆர்ஏசி எல்லாருக்கும் கொடுத்தது போக மிச்சம் இருந்தா மீதிக் காசை வாங்கிக்கிட்டு ரசீது போட்டு பெர்த் கொடுப்பார். ரசீது இல்லாம காசு கொடுக்காதீங்க. அமாவாசை அன்னைக்கு மட்டும் இதை நம்பி ஏறவே ஏறாதீங்க, ஜெனரல் பெட்டியில நிக்கக்கூட இடம் இருக்காது.